காயும் எண்ணெய், உலரும் நீர்

சமையலறையில் அடுப்புக்கு மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனை ஒருமுறையாவது கழற்றிக் கழுவியவர்களுக்கு அந்தப் பிசுக்கைத் தெரிந்திருக்கும். தொட்டால் எண்ணெய் போல வழியாது, ஒட்டும். சோப்புத் தண்ணீருக்கு அசையாது. கத்தி முனையால் சுரண்டினால் மெழுகும் கோந்தும் கலந்தது போல மஞ்சளாகச் சுருண்டு வரும். இறக்கையின் ஓரத்தில், பல மாதம் ஆன இடத்தில், நகம் இறங்காத அளவுக்குக் கெட்டிப்பட்டிருக்கும். வாணலியில் ஊற்றியபோது அது சூரியகாந்தி எண்ணெய்தான். பிறகு ஏன் இப்படி ஆயிற்று?

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு என் அக்கா மகள் ஒரு நோட்டோடு வந்து நின்றாள். "மாமா, பெயின்டிங் கத்துக்கப் போறேன். ஆயில் வாங்கட்டுமா, அக்ரிலிக் வாங்கட்டுமா? என்னென்ன வேணும்னு எழுதிக் குடுங்க." கடைக்காரரிடம் நீட்டுவதற்கு ஒரு பட்டியல் போதும் என்று அவள் நினைத்தாள். நான் அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் அந்த ஃபேனைக் காட்டினேன். என்ன வாங்க வேண்டும் என்ற கேள்விக்கான விடை முழுவதும், வண்ணம் எப்படிக் காய்கிறது என்பதில்தான் அடங்கியிருக்கிறது.

எண்ணெயில் தண்ணீர் கிடையாது. எனவே துணி உலர்வது போல அது உலர வழியில்லை. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்குகின்றன. சில சங்கிலிகளில் அங்கங்கே கார்பன் அணுக்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு இருக்கும். காற்றில் உள்ள ஆக்சிஜன் வந்து தாக்குவது அந்த இடங்களைச் சுற்றித்தான். அப்படித் தாக்கும்போது பக்கத்துச் சங்கிலிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டு ஒரே வலையாகிவிட்டால், அது திரும்ப எண்ணெய் ஆகாது. ஆக்சிஜனை உள்ளே வாங்கிக்கொள்வதால், காயத் தொடங்கும்போது எண்ணெய்ப் படலத்தின் எடை கூடவே செய்யும். எடை குறைந்து உலர்வதையே பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாக இருக்கும்.

எல்லா எண்ணெயும் இப்படிக் காயாது. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அதில் இரட்டைப் பிணைப்பு இல்லை, ஆக்சிஜனுக்குப் பிடி கிடைப்பதில்லை. அதனால்தான் தலைக்குத் தடவிய தேங்காய் எண்ணெய் நாள் முழுக்க எண்ணெயாகவே இருக்கிறது. நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் நடுவில் நிற்பவை, பிசுக்காகும் அளவுக்குக் காயும். ஆளிவிதை எண்ணெய் இந்த வரிசையின் மறுகோடி. அதில் ஏறத்தாழ பாதிக்கு மேல், மூன்று இரட்டைப் பிணைப்புகள் கொண்ட லினோலெனிக் அமிலம். ஒரு வாரத்தில் தோல் போல இறுகிவிடும். புது கிரிக்கெட் மட்டைக்கு 'லின்சீட் ஆயில்' தடவி நிழலில் சாய்த்து வைத்தவர்களுக்கு இதே எண்ணெய்தான் பழக்கம். அந்த எண்ணெயில் நிறப்பொடியைக் குழைத்து அரைத்தால் அதுவே ஆயில் கலர்.

யான் வான் ஐக் என்ற ஃபிளாண்டர்ஸ் ஓவியர் இதைக் கண்டுபிடித்ததாக 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கலை வரலாற்றாளர் வசாரி எழுதிவைத்ததை இன்றும் பலர் சொல்வார்கள். வான் ஐக் 15ஆம் நூற்றாண்டில் அதைக் கைதேர்ந்த கலையாக்கினார் என்பது மெய். ஆனால் ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைகளில், 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்தச் சுவரோவியங்களிலேயே காயும் எண்ணெய் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வான் ஐக்குக்கு எட்டு நூற்றாண்டு முன்பே, நம் பக்கத்தில் யாரோ ஒருவர் எண்ணெய் காய்வதைக் கவனித்துப் பயன்படுத்தியிருக்கிறார்.

அக்ரிலிக் முற்றிலும் வேறு. அதைப் புரிந்துகொள்ள ஃபெவிகால் டப்பா போதும். ஊற்றும்போது பால் போல வெள்ளை. காய்ந்ததும் கண்ணாடி போலத் தெளிவு. தண்ணீரில் கரையாத பிளாஸ்டிக்கின் நுண்ணிய உருண்டைகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதுதான் அந்தப் பால். அக்ரிலிக் வண்ணமும் அதே வகைப் பால்மம், பிளாஸ்டிக் மட்டும் வேறு. ஓர் உருண்டையின் குறுக்களவு தலைமயிரின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. தண்ணீர் ஆவியாக ஆவியாக உருண்டைகள் நெருங்குகின்றன, ஒன்றை ஒன்று நசுக்குகின்றன, கடைசியில் இடைவெளி இல்லாமல் ஒரே படலமாக ஒட்டிக்கொள்கின்றன. பால் வெண்மை போய்விடுவதால், பூசியபோது பார்த்த நிறத்தைவிடக் காய்ந்த நிறம் ஒரு மாற்று அடர்த்தியாகத் தெரியும். புதிதாக அக்ரிலிக் தொடுபவர்கள் முதல் நாளே திகைப்பது இதைப் பார்த்துத்தான். கலக்கும்போதே கொஞ்சம் வெளிறலாகக் கலந்துகொள்ளும் பழக்கம் சில வாரத்தில் வந்துவிடும்.

ஓவியர்களுக்கான நீர் வகை அக்ரிலிக்கை அமெரிக்காவில் ஹென்றி லெவிசன் 1955இல் லிக்விடெக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தார். எண்ணெய் வண்ணத்துக்கு ஆயிரம் ஆண்டு தாண்டிய வயது. இதற்கு ஒரு மனித ஆயுள்தான் ஆகிறது.

இப்போது நம் ஊர் வீட்டுக்கு வருவோம். ஏப்ரல் மாதம், மின்விசிறி நான்கில் ஓடுகிறது. தட்டில் பிதுக்கிய அக்ரிலிக் பத்து நிமிடத்தில் மேலே ஆடை கட்டி, அரை மணியில் ரப்பர் ஆகிவிடும். பாதி வண்ணம் படத்துக்கு, பாதி தட்டுக்கு என்று ஆவதில் காசு கரைவதை யாரும் சொல்லித் தருவதில்லை. இதற்காகக் கடைகளில் ஈரத்தட்டு என்று விற்கிறார்கள். அதை வாங்க வேண்டாம். காற்றுப் புகாத மூடியுள்ள தட்டையான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், இட்லித் துணியை நாலாக மடித்து நனைத்துப் பிழிந்து விரியுங்கள். அதன் மேல் பட்டர் பேப்பர். அதன் மேல் வண்ணம். கீழிருந்து ஈரம் ஊறிக்கொண்டே இருப்பதால் வண்ணம் மணிக்கணக்கில் பதமாக இருக்கும்; மூடி வைத்தால் மறுநாளும் உதவும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் விட்டால் துணி ஊசிப்போய் நாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரையும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்துகொள்வது இன்னும் நல்லது.

எண்ணெய் வண்ணம் இதற்கு நேர் எதிர். இன்று போட்ட கன்னத்தின் நிழலை நாளை காலை வந்து ஈரத்தோடு ஈரமாக இழைக்கலாம். அதே காரணத்தால் படத்தை எங்கே காயவைப்பது என்ற கேள்வி வரும். சின்னக் குழந்தைகள் ஓடுகிற இரண்டு அறை வீட்டில், ஒரு வாரம் ஈரமாக நிற்கும் படம் பெரிய தலைவலி. அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்களுக்கும், ராத்திரி ஒரு மணி நேரம் மட்டுமே கிடைப்பவர்களுக்கும் அக்ரிலிக்தான் சரி. மொட்டை மாடியில் ஓர் அறையோ காற்றோட்டமான திண்ணையோ இருந்து, முகங்களையும் பழங்களையும் பொறுமையாக இழைத்து வரைய ஆசை இருந்தால் ஆயில். இரண்டையும் சேர்த்து வாங்கி ஆரம்பிக்காதீர்கள். கை ஒன்றின் வேகத்துக்குப் பழகும் முன் மற்றொன்று குழப்பும். அக்கா வீட்டு மாடியில் பழைய சாமான் அறை ஒன்று காலியாக இருந்தது. அவள் ஆயிலைத் தேர்ந்தெடுத்தாள்.

எந்த வண்ணம் ஆனாலும், டியூபில் காசு கொடுத்து வாங்குவது முக்கியமாக நிறப்பொடியைத்தான். அறிவியலில் நிறமி என்பார்கள். மலிவான டியூபுக்கும் விலை கூடிய டியூபுக்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதை டீக்கடை வடை காட்டும். வடையை மடித்துக் கொடுத்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி போலத் தெரிகிறது அல்லவா? காகிதம் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம், அதன் நார்களுக்கும் இடையிலுள்ள காற்றுக்கும் ஒளிவிலகல் எண்ணில் உள்ள வேறுபாடு. ஒவ்வொரு எல்லையிலும் ஒளி சிதறுகிறது, எல்லாம் சேர்ந்து வெண்மையாகிறது. காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்ததும் வேறுபாடு மறைகிறது, ஒளி சிதறாமல் ஊடுருவுகிறது.

இதையே டியூபுக்குள் பாருங்கள். சாக்குத்தூள் எனப்படும் கால்சியம் கார்பனேட் தூளின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.6. ஆளிவிதை எண்ணெய்க்கு 1.48. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், காற்றில் வெள்ளை வெளேரென்று இருக்கும் சாக்குத்தூள் எண்ணெயில் குழைத்ததும் காணாமல் போகிறது. மாணவர் தர வண்ணங்களில் விலையைக் குறைக்க இப்படிப்பட்ட தூளைச் சேர்க்கிறார்கள். டியூபைப் பிதுக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, நிறம் பளிச்சென்றுதான் இருக்கும். வெள்ளையோடு கலக்கும்போதுதான் குட்டு உடையும். கலைஞர் தர நீலம் ஒரு பயறளவு எடுத்து அதைப் போலப் பத்து மடங்கு வெள்ளையில் இழைத்தாலும் வானம் போல நீலம் நிற்கும். நிரப்புத்தூள் மிகுந்த நீலம் அதே அளவில் சாம்பல் பூத்துவிடும்.

வெள்ளை நிறமிக்கு வேண்டியது இதற்கு நேர் மாறான குணம். எண்ணெயோடு எவ்வளவு முரண்படுகிறதோ அவ்வளவு நல்ல வெள்ளை. டைட்டானியம் டை ஆக்சைடின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.7. அதனால் மெல்லிய ஒரு பூச்சே கீழே உள்ளதை முழுக்க மறைத்துவிடும். சுவர் பெயின்ட் முதல் பற்பசை வரை எல்லாவற்றிலும் இருக்கும் வெள்ளை அது. வெள்ளை டியூபை மட்டும் நீங்கள் சீக்கிரம் தீர்ப்பீர்கள். மற்ற நிறங்களில் 20 மில்லி வாங்கினால் டைட்டானியம் வெள்ளையில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு வாங்குங்கள். ஜிங்க் வெள்ளை எண்ணெயில் காலப்போக்கில் நொறுங்கும் தன்மை கொண்டது, ஆரம்பத்தில் வேண்டாம். ஈய வெள்ளை நஞ்சு, அது வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். பி.டபிள்யூ. 6, பி.பி. 29 என்பது போல. முதல் 'பி' நிறமி என்பதற்கு, அடுத்த எழுத்து நிறத்துக்கு, எண் அந்த நிறமியின் அடையாளத்துக்கு. முன்பக்கத்தில் கம்பெனிக்காரர்கள் என்ன பெயர் வைத்தாலும், உள்ளே இருப்பது எது என்பதை இந்தக் குறியீடுதான் சொல்லும். பெயரோடு 'ஹ்யூ' என்று சேர்ந்திருந்தால், அந்தப் பெயருக்குரிய அசல் நிறமிக்குப் பதிலாக அதே சாயலில் வேறொன்றை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. காட்மியம் மஞ்சளுக்குப் பதில் வரும் கரிம மஞ்சள்கள் பல நன்றாகவே இருக்கின்றன, காட்மியம் போன்ற நஞ்சும் இல்லை. நான் பார்ப்பது வேறொன்று. ஒரு டியூபில் ஒரே ஒரு நிறமிதான் இருக்கிறதா என்று பார்ப்பேன். மூன்று குறியீடுகள் வரிசையாக இருந்தால் அதை வைத்துவிடுவேன். மூன்று நிறமிக் கலவையோடு இன்னொரு மூன்று நிறமிக் கலவையைச் சேர்த்தால் வருவது சேறு.

பி.பி. 29 என்ற அந்த நீலத்தைப் பற்றிச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. அல்ட்ராமரைன் என்ற அந்த நிறம் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலி கல்லை அரைத்துக் கிடைத்தது. ஐரோப்பாவில் தங்கத்தோடு ஒப்பிடும் விலை. செயற்கையாகச் செய்து காட்டுபவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று பிரான்சில் 1824இல் அறிவித்தார்கள். 1828இல் ழான் பாப்டிஸ்ட் கிமே அதை வென்றார். வெண்களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சூளையில் வைத்துச் சுட்டால் வானவில்லின் நீலம் வருகிறது. விலை சரிந்தது. சரிந்த விலையில் அது நம் வீட்டுத் துணி துவைக்கும் வாளிக்கே வந்து சேர்ந்தது. வெள்ளை வேட்டிக்கு நீலம் போடப் பாட்டிகள் வைத்திருந்த ராபின் நீலப் பொடி இதே அல்ட்ராமரைன்தான். இன்றைக்கு ராணிப்பேட்டையில் இந்த நிறமியைத் தயாரிக்கும் ஆலை இருக்கிறது. அந்தப் பொடி தண்ணீரில் கரையாது. வாளியின் அடியில் தங்கும். சரியாகக் கலக்காவிட்டால் வேட்டியில் திட்டுத் திட்டாக ஏறும். பின்னால் வந்த சொட்டு நீலம் தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்துவிடும் சாயம். கரையாதது நிறமி, கரைவது சாயம் என்ற பாடத்தை எந்தப் பள்ளிக்கூடமும் இவ்வளவு எளிதாக நடத்தியதில்லை.

சாயங்களை ஒரு வெள்ளைத் தூளில் ஏற்றி நிறமி போலாக்கியும் வண்ணம் செய்வார்கள். அவற்றில் பல வெயிலுக்கு நிற்காது. வான்கா தன் படுக்கையறை ஓவியத்தை 1888இல் வரைந்தபோது சுவர்கள் ஊதா நிறத்தில் இருந்தன. நீலத்தோடு அவர் கலந்த சிவப்பு வெளுத்துப் போய்விட்டதால் இன்று நாம் பார்ப்பது நீலச் சுவர். நம் ஊர் வெயிலில், எதிரே ஜன்னல் உள்ள சுவரில் மாட்டும் படத்துக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். டியூபில் ஒளித்தாங்கு திறனை நட்சத்திரமாகவோ ரோமன் எண்ணாகவோ போட்டிருப்பார்கள். ரோமன் ஒன்று, இரண்டு என்றால் வாங்கலாம். பி.ஆர். 83 என்று போட்ட அலிசரின் கிரிம்சன் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அந்த இடத்துக்குக் குயினாக்ரிடோன் வகைச் சிவப்பு, அதாவது பி.வி. 19 அல்லது பி.ஆர். 122, இருக்கிறது.

எத்தனை நிறம் வேண்டும்? இருபத்துநான்கு டியூப் கொண்ட பெட்டியைப் பார்த்தால் எனக்கும் கை பரபரக்கும். நான் ஆரம்பித்ததும் அப்படி ஒரு பெட்டியோடுதான். அதில் இருந்த ஆறு விதப் பச்சைகளில் ஒன்றுகூட எங்கள் ஊர் வேப்பமரத்தின் பச்சையாக இல்லை. அதைக் கலக்கக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வருடம் வீணாயிற்று, ஏனென்றால் டியூபில் பச்சை இருக்கும்வரை கலக்கத் தோன்றவே இல்லை. சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் வெள்ளை, காவி மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்ற நான்கே நிறங்களைக் கொண்டு முகங்களை வரைந்தவர் என்று இன்றும் அவர் பெயரில் ஒரு வண்ணத்தட்டைச் சொல்வார்கள். அவ்வளவு கடுமை வேண்டாம். அக்கா மகளின் நோட்டில் நான் எழுதியது ஆறு: டைட்டானியம் வெள்ளை, எலுமிச்சை மஞ்சள், எல்லோ ஆக்கர் என்ற காவி மஞ்சள், குயினாக்ரிடோன் சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் அம்பர். கொஞ்சம் பழகிய பிறகு ஆரஞ்சுச் சாயல் உள்ள ஒரு சிவப்பும் தாலோ நீலமும் சேர்த்துக்கொள்ளலாம். கறுப்பு வேண்டாம்.

ஏன் கறுப்பு வேண்டாம் என்று அவள் கேட்டாள். மாடி அறையில் வெள்ளைக் காகிதம் விரித்து, அதன் மேல் பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்றை, விளிம்பில் டேப் ஒட்டி, வைத்திருந்தோம். அதுதான் தட்டு. அல்ட்ராமரைன் ஒரு கடலைப் பருப்பளவு, பர்ன்ட் அம்பர் அதே அளவு. கத்தியால் இழைத்ததும் நீலமும் பழுப்பும் ஒன்றை ஒன்று விழுங்கி, ஆழ்ந்த கறுப்பு ஒன்று வந்தது. நீலம் சிவப்பையும் மஞ்சளையும் உறிஞ்சுகிறது, அம்பர் நீலத்தை உறிஞ்சுகிறது, மிச்சம் திரும்பி வர வெளிச்சம் ஏதும் இல்லை. ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை சேர்த்து இழைத்தேன். நீலம் ஒரு சிட்டிகை கூடினால் மழைமேகச் சாம்பல். அம்பர் கூடினால் அடுப்படிச் சுவரின் சாம்பல். அதே இரண்டு டியூபில் குளிர்ந்த நிழலும் வெதுவெதுப்பான நிழலும். டியூப் கறுப்பு இதைத் தராது.

பெட்டிகளில் 'ஃப்ளெஷ் டின்ட்' என்று ஒரு டியூப் வரும், தோல் நிறம் என்று பொருள். இளஞ்சிவப்பு. எங்கள் தெருவில் அந்த நிறத்தில் ஒருவர்கூட இல்லை. தன் அம்மாவின் முகத்தை வரைய உட்காரும் குழந்தை, தோலின் நிறம் இதுதான் என்று அச்சடித்த டியூபை எடுக்கிறது என்பது என்னை ஒவ்வொரு முறையும் வருத்துகிறது. பர்ன்ட் அம்பர், காவி மஞ்சள், கொஞ்சம் சிவப்பு. வெயில் பட்ட கன்னமேட்டுக்கு வெள்ளையோடு மஞ்சள், தாடைக்குக் கீழே ஒரு துளி அல்ட்ராமரைன். இவ்வளவில் நம் வீட்டு முகங்கள் எல்லாம் இருக்கின்றன.

இனி எதன் மேல் வரைவது. என் முதல் எண்ணெய் ஓவியத்தைக் காடாத் துணியில், எந்தப் பூச்சும் இல்லாமல், நேராக வரைந்தேன். சில வருடம் கழித்துப் பரணிலிருந்து எடுத்தபோது துணி டீ கறை போலப் பழுப்பேறி, மடிப்பில் அப்பளம் போல உடைந்தது. ஆக்சிஜனை வாங்கி இறுகும் அதே வேதிவினை, நாரின் செல்லுலோசையும் அரித்துவிடுகிறது. எனவே எண்ணெய்க்கும் துணிக்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். இன்று அதற்குப் பெயர் ஜெஸ்ஸோ: அக்ரிலிக் பால்மம், டைட்டானியம் வெள்ளை, சாக்குத்தூள். இரண்டு மூன்று கை பூசிக் காயவிட்டால் துணியும் பிழைக்கும், வண்ணம் பிடித்துக்கொள்ளச் சொரசொரப்பும் கிடைக்கும். பலகையில் துணி ஒட்டி, அதன் மேல் சுண்ணாம்புப் பொடியைப் பசையில் குழைத்துப் பூசித் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே வண்ணத்தைத் தொடும் தஞ்சாவூர் ஓவியர்களுக்கு இந்த யோசனை புதிதல்ல. கடையில் வாங்கும் கான்வாஸ் பெரும்பாலும் ஜெஸ்ஸோ பூசியே வரும்.

ஆனால் தொடக்கத்தில் கட்டம் கட்டிய பெரிய கான்வாஸ் வாங்குவதை நான் தடுப்பேன். விலை கொடுத்த கான்வாஸ் முன் கை நடுங்கும், பாழாகிவிடுமோ என்று சிக்கனமாக வண்ணம் எடுக்கத் தோன்றும். 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள காகிதத்தை நான்காகக் கிழித்து இரண்டு பக்கமும் ஜெஸ்ஸோ பூசினால் அக்ரிலிக்குக்கும் ஆயிலுக்கும் பயிற்சிக்குப் போதும். அப்படி இருபது துண்டு செய்து அடுக்கி வையுங்கள். காய்ந்த அக்ரிலிக்கின் மேல் ஆயில் பூசலாம். ஆயில் மேல் அக்ரிலிக் பூசக்கூடாது, பிடிக்காமல் உரிந்து வரும். அக்ரிலிக்கில் வரைந்த படங்களை முகத்தோடு முகம் அடுக்குவதும் வேண்டாம். நம் மே மாத வெப்பத்தில் அந்தப் பிளாஸ்டிக் படலம் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

தூரிகை மூன்று போதும். தட்டையானது ஒன்று, ஓரம் வளைந்த ஃபில்பர்ட் ஒன்று, கூரான சிறியது ஒன்று. எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எனவே எண்ணை நம்பாமல் அகலத்தைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். தட்டையானது கட்டைவிரல் அகலம் இருக்கட்டும். ஆயிலின் கெட்டியான குழைவைத் தள்ளப் பன்றி மயிர் நன்றாக இருக்கும். நுனி இயற்கையாகவே பிளந்திருப்பதால் வண்ணத்தை ஏந்திக்கொள்ளும். அதைத் தண்ணீரில் ஊறவைத்தால் துவண்டுவிடும் என்பதால் அக்ரிலிக்குச் சரிவராது. அக்ரிலிக்குச் செயற்கை நார்தான்.

கீரி மயிரில் செய்த தூரிகை என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் தொடாதீர்கள். நுனி கூர்மையாக, கருமையும் வெளிறலும் மாறி மாறி வரும் பட்டைகளோடு இருக்கும். கீரி 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அந்தத் தூரிகையை விற்பதும் வாங்குவதும் குற்றம். 2019இல் வன உயிர்க் குற்றத் தடுப்புப் பிரிவு இதற்காகவே நாடு முழுவதும் ஒரு நடவடிக்கை எடுத்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வயல் வரப்பில் நிமிர்ந்து நின்று நம்மைப் பார்த்துவிட்டு ஓடும் அந்தப் பிராணியை அடித்துக் கொன்றுதான் அந்த மயிரை எடுக்கிறார்கள். இன்று கிடைக்கும் செயற்கை நார் அந்த வேலையைச் செய்கிறது.

அக்ரிலிக் தூரிகையைக் கழுவுவதில் ஒரே விதி, காயவிடாமல் கழுவுவது. உருண்டைகள் ஒட்டிப் படலமான பிறகு தண்ணீர் அதை மீண்டும் பிரிக்காது. ஆயில் தூரிகைக்கு எல்லோரும் டர்பன்டைனைத்தான் சொல்வார்கள். அதன் ஆவி தலையைச் சுற்றவைக்கும், மூடிய அறையில் நுரையீரலுக்குக் கெடுதல். நான் வேறு வழி சொல்கிறேன். தூரிகையைத் துணியில் நன்றாகத் துடையுங்கள். தேங்காய் எண்ணெயில் தோய்த்துப் பிசைந்து மறுபடி துடையுங்கள். அது காயாத எண்ணெய் என்பதால் மயிர்க்காலில் இறுகாமல் வண்ணத்தை மட்டும் இளக்கி வெளியே கொண்டுவரும். பிறகு துணி சோப்பைப் போட்டு உள்ளங்கையில் நுரை வெள்ளையாகும்வரை தேய்த்துக் கழுவுங்கள். கடைசிப் படியைச் சோம்பலால் விட்டால், காயாத எண்ணெய் படத்துக்குள் போய் வண்ணத்தையும் காயவிடாது. வண்ணத்தை இளக்க வேண்டுமானால் அடிப்பூச்சுக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு துளி டர்பன்டைன், மேல் பூச்சுகளுக்கு ஆளிவிதை எண்ணெய். அடியில் எண்ணெய் மிகுந்தும் மேலே குறைந்தும் இருந்தால் மேல் படலம் முந்திக் காய்ந்துவிடும். பின்னால் அடிப்படலம் அசையும்போது மேலே வெடிப்பு விழும்.

துடைத்த துணிகளைப் பற்றி அக்கா மகளிடம் நான் மிகக் கண்டிப்பாக இருந்தேன். ஆக்சிஜனோடு சேரும்போது எண்ணெய் வெப்பத்தை வெளியிடுகிறது. கண்ணாடி மேல் மெல்லப் பூசியிருந்தால் அந்த வெப்பம் காற்றில் போய்விடும். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கூடும். கூடக் கூட வினையின் வேகமும் கூடும். தீக்குச்சி இல்லாமல், மின்சாரம் இல்லாமல், துணி தானே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22ஆவது மாடியில், மரச் சுவர்களுக்கு எண்ணெய் பூசிய வேலையாட்கள் விட்டுச்சென்ற துணிகளிலிருந்துதான் தீ தொடங்கியது. எட்டு மாடிகள் எரிந்தன, மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். ஆயில் துணியை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள். அது விறைத்துக் காய்ந்தபின் குப்பையில் போடலாம். அல்லது தண்ணீர் நிரப்பிய பழைய பெயின்ட் டின்னில் அமுக்கி மூடி வையுங்கள். இது மட்டும் நான் சொல்லும் யோசனைகளில் விருப்பம்போல் விடக்கூடியது அல்ல.

ஆறு டியூப், மூன்று தூரிகை, ஒரு கத்தி, சின்னப் புட்டியில் ஆளிவிதை எண்ணெய், ஒரு டப்பா ஜெஸ்ஸோ, காகிதம். பட்டியல் நோட்டின் அரைப் பக்கத்தைத் தாண்டவில்லை. "இவ்ளோதானா மாமா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் அவள் கடைக்குப் போனாள்.

முதல் படத்துக்குப் பாட்டியின் பித்தளைச் சொம்பை வைத்தாள். நிழல் பக்கம் முழுக்க அம்பரும் அல்ட்ராமரைனும், வெளிச்சம் பட்ட வயிற்றுப் பக்கம் மஞ்சளும் வெள்ளையும், கழுத்தில் ஒரே ஒரு தடித்த வெள்ளைப் புள்ளி. நான்காம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள். "மாமா, ஒரு பக்கம் காஞ்சிருக்கு, ஒரு பக்கம் காயல. நான் ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டேனா?" போய்ப் பார்த்தேன். நிழலில் விரல் வைத்தால் ஒட்டவில்லை. அம்பரில் இயற்கையாகவே மாங்கனீஸ் இருக்கிறது, அது எண்ணெய் ஆக்சிஜனை வாங்குவதை விரைவுபடுத்தும். அவள் ஆள்காட்டி விரலின் நுனியால் கழுத்தில் இருந்த அந்த வெள்ளைப் புள்ளியை மெல்லத் தொட்டாள். மேலே ஆடை கட்டியிருந்தது, உள்ளே இன்னும் ஈரம்.